மரத்தளத்தில் மிச்சம் பிடித்தது

வீட்டுக்காரர் மூன்றாவது தடவையாக அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கொல்லைப்புறத்தில் இப்படி ஒரு மரத்தளம் போட அவனவன் சொத்தையே எழுதிக் கொடுக்கிறானாம். தன் மனைவி தச்சரிடம் பேசிய பேச்சில் பாதிச் செலவில் முடிந்துவிட்டதாம். தளத்தில் நின்றிருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்போதுதான் சுவரோரம் 'நறுக்'கென்று ஏதோ முறிகிற சத்தம் கேட்டது.

வேறு யார் காதிலும் அது விழவில்லை.

தளத்தை வீட்டுச் சுவரோடு பிணைக்கும் கட்டைக்குக் கனமான போல்ட் போட வேண்டும் என்று தச்சர் தலைபாடாக அடித்துக்கொண்டார். சுவரைத் துளைக்கத் தனி ஆள், தனி மெஷின் என்று செலவு ஏறியது. ஆணி அடித்தால் நிற்காதா என்று கேட்டவள் அவள்தான். நாலு பேர் உட்கார்ந்தால் நிற்கும், கூட்டம் ஏற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் ஆணி அடித்தார்.

தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். மனை பின்பக்கம் சரிவு. தளத்துக்கு அடியில் ஆள் குனிந்து போகலாம். எட்டிப் பார்த்தாள். கட்டை சுவரை விட்டு இரண்டு விரல் விலகியிருந்தது. இடுக்கில் ஆணிகள் பளபளத்தன. அதற்கு நேர் கீழே, நிழலில், கணவரின் அண்ணன் பெண்கள் இருவரும் மண்ணில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கத்தினால், மேலே இருப்பவர்கள் என்னவோ ஏதோவென்று ஒரே பக்கமாக ஓடுவார்கள். அவள் குரலை அடக்கிக்கொண்டாள்.

"கண்ணுங்களா, சித்திகிட்ட வாங்க."

பெரியவள் வந்துவிட்டாள். சின்னவள் அசைவதாக இல்லை. மேலே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். மறுபடியும் நறுக். மரத்தூள் குழந்தையின் தலையில் உதிர்ந்தது. அவள் தவழ்ந்து போய், காலைப் பிடித்து அப்படியே வெளியே இழுத்தாள். குழந்தை வீறிட்டு அழுதது. மேலே நாற்காலிகள் நகர்ந்தன.

"யாரும் ஓடாதீங்க," என்றாள் நிமிர்ந்து. "வீட்டுப் பக்கம் போகாதீங்க. ஒவ்வொருத்தரா இந்தப் படியில இறங்குங்க. சுவத்துல புடிச்சிருக்கிறது விட்டுப்போச்சு."

வீட்டுக்காரர் முகம் கறுத்தது. "என்ன உளர்ற? புதுசா போட்டது."

"போல்ட் வேணாம்னு சொன்னது நான்தான். கூட்டம் ஏத்தக் கூடாதுன்னு தச்சர் சொன்னாரு. உங்ககிட்ட மறைச்சிட்டேன். இறங்குங்க."

முதலில் இறங்கியவள் குழந்தைகளின் அம்மா, அவளுடைய ஓரகத்தி. பிறகு ஒவ்வொருவராக, பலகையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார்கள். கடைசியாக வீட்டுக்காரர் புல்லில் கால் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ சிரிக்கக்கூட ஆரம்பித்தார்கள். அதற்குள் சுவர்ப்பக்கம் மொத்தமும் மடங்கி விழுந்தது. நாற்காலிகள் சறுக்கிப் போய் அந்த மண்வீட்டின் மேல் குவிந்தன.

ஓரகத்தி பிள்ளைகளை வாரிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் காரில் ஏறினாள். மற்றவர்களும் கலைந்தார்கள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல," என்றார் வீட்டுக்காரர்.

"வேலை முடிஞ்ச அன்னைக்கே சொல்லத்தான் வந்தேன். நீங்க அதுக்குள்ள போனைப் போட்டு உங்க அண்ணன்கிட்ட பெருமையடிச்சிட்டிருந்தீங்க."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு நாற்காலி ஒன்றைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. அவள் மறுபக்கம் போய்ப் பலகையைத் தூக்கிக் கொடுத்தாள்.