பாலத்தைத் தாண்டிய படகு

நோயாளிகளை ஏற்றிவரப் படகு ஒன்று வேண்டும் என்று தீவு மருத்துவமனையிலிருந்து கேட்டபோது, ஆற்றங்கரைப் பட்டறையில் கணவனுக்கும் மனைவிக்கும் தலைகால் புரியவில்லை. அவன் எஞ்சின் மெக்கானிக், அவள் வெல்டர். அதுவரை அவர்கள் கட்டியதெல்லாம் மீன் படகுகள்தான். நர்ஸ் நிமிர்ந்து நின்று வேலை பார்க்க வேண்டுமே என்று அவள் கேபினை நன்றாக உயர்த்தி வைத்தாள். அவள் தம்பியை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் உள்ளே போய் நின்று பார்த்துவிட்டு, “தலை இடிக்காத படகை இப்பதான்க்கா முதல் தடவையா பாக்குறேன்” என்றான்.

பட்டறைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பழைய ரயில் பாலம் இருந்தது. “நான் அளந்துட்டேன். தண்ணி வத்துற நேரத்துல தாராளமா போகும்” என்று கணவன் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தான்.

கடலின் வற்றம் ஆற்றுக்குள்ளும் எட்டியிருந்த ஒரு காலையில் படகைக் கிளப்பினார்கள். பாலத்துக்கு அடியில் மெல்ல நுழைந்ததும் ‘ணங்’ என்றது. கேபின் கூரை இரும்பு உத்தரத்தில் மோதி நின்றது. ஒரு சாண் உயரம் அதிகம்.

“இன்னும் கொஞ்சம் வத்தும், பொறு.”

“எங்க வத்தும்? ஏறவே ஆரம்பிச்சாச்சு. நீங்க அளந்த லட்சணம்!”

படகைப் பின்னால் எடுத்துக் கரையில் கட்டினார்கள். கூரையை வெட்டி இறக்கிவிடலாம் என்றான் கணவன். அவள் இரும்பு வெட்டும் கேஸ் சிலிண்டரை இறுக மூடிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். “வெட்டணும்னா முதல்ல உங்க நாக்கைத்தான் வெட்டணும்.”

படகில் ஏறித் தீவுக்குப் போகலாம் என்று வந்திருந்த நர்ஸ் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். தீவில் குடியிருக்கிறவள், ஏற்றமும் வற்றமும் அவளுக்கு அத்துப்படி.

“அண்ணே, நீங்க என்னைக்கு அளந்தீங்க?”

“பௌர்ணமி முடிஞ்சு ஒண்ணு ரெண்டு நாள் இருக்கும், சிஸ்டர்.”

நர்ஸ் வானத்தைக் காட்டினாள். பகல் வெளிச்சத்தில் பாதி நிலா வெளிறிப்போய்த் தொங்கியது. “இப்ப பாதி நிலா. நிலா ஒரு பக்கம் இழுக்குது, சூரியன் வேற பக்கம் இழுக்குது. அதனால தண்ணி ரொம்ப ஏறுறதும் இல்ல, ரொம்ப வத்துறதும் இல்ல. பௌர்ணமி, அமாவாசைக்கு ரெண்டும் ஒரே கோட்டுல நிக்கும். அப்ப ஏறுறதும் பலமா இருக்கும், வத்துறதும் பலமா இருக்கும். அண்ணன் சரியாத்தான் அளந்திருக்கார்.”

“அக்காவும் மாமாவும் மாதிரின்னு சொல்லுங்க சிஸ்டர். ஒரே பக்கம் இழுத்தா எதுவும் நகரும்” என்றான் நெட்டை. அக்கா முறைத்தாள். முறைக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

அமாவாசை கழிந்த மறுநாள் மதியம், ஆறு அடையாளம் தெரியாத அளவுக்கு வற்றிக் கிடந்தது. இரண்டு கரையிலும் சேறு வெயிலில் மினுங்கியது. அவள் சுக்கானைப் பிடித்தாள், கணவன் எஞ்சினருகே நின்றான். முன்னால் நின்று அண்ணாந்து பார்த்த நெட்டை, “நாலு விரல் இடைவெளி இருக்குக்கா! விடு!” என்று கத்தினான்.

பாதிப் பாலம் தாண்டியதும் படகு நின்றுவிட்டது. அடிப்பாகம் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. எஞ்சின் உறுமியது, பின்னால் கறுப்புச் சேறு கொதித்தது. கணவன் எஞ்சினை அணைத்தான்.

“தண்ணி ஏறினா கூரை நசுங்கிடும்” என்றான்.

“ஏறலைன்னா படகு சேத்தை விடாது.”

இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் கொஞ்ச நேரம்தான். நெட்டை படகில் கட்டிய கயிற்றோடு சேற்றில் குதித்தான். இடுப்புவரை புதைந்தும் விடாமல் தவழ்ந்து, பாலத்துக்கு அப்பால் கரை சேர்ந்தான். அங்கே செங்கல் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் லாரியை அப்படியே விட்டு ஓடிவந்தார்கள். பாலம் தாண்டியதும் படகில் ஏறிக்கொள்ளலாம் என்று அங்கே காத்திருந்த நர்ஸும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள்.

தண்ணீர் திரும்பியது. படகின் பக்கங்களை நனைத்தது, மெல்ல மேலே வந்தது. தலைக்குமேல் இடைவெளி சுருங்குவதைக் கணவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அவளோ கீழே மண்டியிட்டு, படகின் தரையில் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தாள். தரை லேசாக அசைந்தது.

“மிதக்குது! போடுங்க!”

எஞ்சின் உயிர்பெற்றது. கரையில் எல்லோரும் ஒரே மூச்சில் இழுத்தார்கள். கூரை விளிம்பு உத்தரத்தில் கிரீச்சென்று உரசியது, பெயிண்ட் உதிர்ந்து அவன் தோளில் விழுந்தது. சட்டென்று தலைக்குமேல் இரும்பு போய் வானம் வந்தது. கரையில் எழுந்த கூச்சல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அவள் எழுந்து சுக்கானைப் பிடித்தாள். கணவன் வந்து தன் கையையும் சேர்த்து வைத்தான். அவள் அதைத் தள்ளிவிடவில்லை.

சாயங்காலம் தீவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏற்றம் உச்சத்தில் இருந்தது. படித்துறையின் படிகள் எல்லாம் முழுகி, படகு துறையின் மட்டத்துக்கே நின்றது. காத்திருந்த கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் வீட்டு வாசலைத் தாண்டுவதுபோல் உள்ளே வந்து, நேராகப் போய் நோயாளிகளுக்கான படுக்கையில் கால் நீட்டிப் படுத்தார்.

நர்ஸ் பதறினாள். “என்னய்யா, உடம்புக்கு என்ன பண்ணுது?”

“ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கும்போதே ஒரு தடவை படுத்துப் பாத்துடலாம்னுதான்” என்று சொல்லிவிட்டு, அவர் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டார்.