சுவரை உடைத்ததற்கு ஒரு மெடல்

எல்லம்மா அக்காவுக்கு அரசாங்க மெடல் கிடைக்கப்போகிறது என்ற செய்தியும், வீட்டை ஏன் காலி செய்யக் கூடாது என்று கேட்கும் நோட்டீசும் ஒரே வாரத்தில் வந்தன. இரண்டும் ஒரே காரியத்துக்காக. சுவரை உடைத்ததற்காக. இப்படியும் நடக்குமா என்று கேட்பவர்கள் எங்கள் கோலார் தங்கவயலுக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போகலாம்.

அக்கா எனக்குப் பக்கத்து வீடு. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. விடியற்கால ரயிலில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். நானும் அதே ரயிலில்தான் வேலைக்குப் போகிறேன். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை. அவளுக்கென்று இருப்பது அந்த ஒரு வீடுதான்.

சாம்பியன் ரீப்ஸ் என்ற பகுதியில், சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கும். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். முன்வாசலை விட்டால் வேறு வழி கிடையாது. சுரங்கம் மூடி எத்தனையோ காலமாகியும் வீடுகள் சுரங்க ஆபீஸ் பேரில்தான் இருக்கின்றன. ஓர் ஆணி அடிக்கவும் அவர்களைக் கேட்க வேண்டும்.

நடுச்சுவர்தான் எங்களுக்கு போன். மெதுவாகத் தட்டினால் குழம்போ உப்போ வேண்டும் என்று அர்த்தம். விடாமல் இடித்தால் டிவி சத்தத்தைக் குறை என்று அர்த்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பேய்மழையில், அக்கா விடாமல் இடித்தாள். என் வீட்டுக்காரர் வாசு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த அம்மாவுக்கு ஞாயித்துக்கெழமையும் ரோதனைதான்" என்று சொல்லிச் சத்தத்தை இன்னும் கூட்டினார். கூட்டின கையோடு டிவி சரிந்து விழுந்தது. பின்னால் சுவரில் கடப்பாரையின் முனை நீட்டிக்கொண்டிருந்தது.

ஓட்டை வழியாக அக்காவின் முகம் தெரிந்தது. "கதவத் தொறக்காத ஷைலா. டம்பு சரிஞ்சி வந்துகினு கீது."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். தங்கம் அரைத்து எடுத்த கழிவு மண்ணை அந்தக் காலத்தில் மலையாகக் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த டம்பு மழையில் கரைந்து, சாம்பல் நிறச் சேறாக எங்கள் வாசலில் இடுப்பளவுக்கு ஏறிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்திருந்தால் அத்தனையும் உள்ளே வந்திருக்கும். 

அக்காவின் வீடு பள்ளத்தில், கடைசி வீடு. லைனின் மறுகோடியில் இருக்கும் ரிச்சர்ட் அண்ணன் வீடு மேட்டில், ரோட்டை ஒட்டி. "செவுத்த ஒடச்சிகினே மேல போலாம்" என்றாள் அக்கா. வாசு கடப்பாரையை வாங்கி அடுத்த சுவரை இடித்தார். அந்த வீட்டுக்காரர் அதை வாங்கி அதற்கடுத்ததை இடித்தார். கடப்பாரை கை மாறிப் போக, நாங்கள் அதன் பின்னாலேயே போனோம். சமையல் நடந்த வீடு, சாமிப் படம் மாட்டியிருந்த வீடு, சண்டை போட்டுப் பேசாமல் இருந்த வீடு என்று எல்லாவற்றுக்குள்ளும் நுழைந்து போனோம். படுத்த படுக்கையாக இருந்த பாப்பம்மாவைப் போர்வையில் போட்டு ஓட்டை ஓட்டையாக நீட்டினோம். ரிச்சர்ட் அண்ணன் வீட்டு வாசல் வழியாக மொத்த லைனும் ரோட்டில் வந்து நின்றபோது, கீழே அக்கா வீட்டுக் கூரை சேற்றில் சாய்ந்தது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. அன்று நான் அழுத அழுகையை என் கல்யாணத்தில்கூட அழவில்லை.

பேரிடரில் மனிதநேயச் சேவை செய்தவர்களுக்கான மெடலுக்கு அக்காவின் பெயர் போனது இப்படித்தான். பாராட்டுரை எழுத தாலுகா ஆபீசிலிருந்து பரத் வந்தார். கன்னடக்காரர், நல்ல பையன். நோட்டீசைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அம்மா, சுவர் மழைல தானா விழுந்துச்சு, நீங்க ஜனங்கள கூட்டிட்டு வந்தீங்கன்னு எழுதறேன். மெடலும் வரும், நோட்டீசும் போயிடும்."

எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. அக்கா அசையவில்லை.

"தானா வுழுந்துச்சுன்னா நாங்க இன்னா பண்ணோம்? பாப்பம்மாவத் தூக்கிகினு வந்தது செவுரா?"

"அக்கா, இடிஞ்ச அந்த வூடும் கைய வுட்டுப் போச்சுன்னா எங்க போய் நிப்ப?" என்று கத்தினேன். "வாய மூடிகினு சரின்னு சொல்லு."

"ஒடச்சேன். ஒடச்சேன்னே எழுதுங்க சார்."

பரத் எழுதிக்கொண்டு போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ரயிலில்கூட வேறு பெட்டியில் ஏறினேன்.

கோலார் மைதானத்தில் விழா. லைன் முழுக்க ஒரு லாரி பிடித்துப் போயிருந்தோம். மைக்கில் கன்னடத்தில் வாசித்தார்கள். தன் வீட்டுச் சுவரைக் கடப்பாரையால் உடைத்து, வீட்டுக்கு வீடு வழி உண்டாக்கி, அத்தனை பேரையும் காப்பாற்றிய எல்லம்மா. மந்திரி அவள் சேலையில் மெடலைக் குத்தினார். எங்கள் ஆட்கள் அடித்த விசிலில் பந்தல் அதிர்ந்தது. மேடையோரம் விருந்தினர் வரிசையில் நோட்டீஸ் அனுப்பிய ஆபீசரும் இருந்தார். அவரும் எழுந்து நின்று பலமாகக் கைதட்டினார். எந்த எல்லம்மா என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் அவர் ஆபீசில் விசாரணை. அக்கா மெடலைக் குத்திக்கொண்டே வந்தாள். பின்னால் நாங்கள் அத்தனை பேரும். ஆபீசர் ஃபைலைப் பார்த்தார், மெடலைப் பார்த்தார், மறுபடி ஃபைலைப் பார்த்தார்.

"ஆபீஸ் சுவர உடைச்சது நீங்கதானாம்மா?"

"ஆமா சார். அதுக்குத்தான் கவர்மென்ட்டு மெடல் குத்திக் கீது. நீங்ககூட எழுந்து நின்னு கை தட்னீங்களே."

அடுத்த நிமிஷம் அந்த மனிதர் சிரித்துவிட்டார். வயிறு குலுங்க, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். நோட்டீசின் குறுக்கே கோடு போட்டு, ரத்து என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அக்காவின் கையை நான் பிடித்த பிடியில் அவள் வளையல் ஒன்று உடைந்தது.

"உங்க வீட்ட ஆபீசே கட்டிக் குடுக்கும். எல்லார் வீட்டு நடுச்சுவரும் சேத்துத்தான்" என்றார் ஆபீசர்.

நாங்கள் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். அக்கா மட்டும் நகரவில்லை.

"கட்டுங்க சார். ஆனா ஒவ்வொரு செவுத்துலயும் ஒரு கதவு வெச்சிக் கட்டுங்க."

அவர் பேனாவை மறுபடி எடுத்தார்.