துவைக்காத சட்டை

சலவைக்கடைக்காரருக்குத் தெருவில் வைத்த பெயர் நுரை. யாராவது நின்று பேசினால் முகத்தைப் பார்க்க மாட்டார், சட்டையில் கறை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். அழுக்கோடு மல்லுக்கட்டியே பாதி ஆயுள் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒருத்தி, போனால் போகிறது என்று அவரைக் கட்டிக்கொண்டாள். அவளோடு அவள் மகளும் வந்தாள். மகளோடு ஒரு பழைய போர்வையும் வந்தது.

அங்கேதான் மனிதர் சொதப்பினார். வந்த மறுநாளே ஆசை ஆசையாக அந்தப் போர்வையை எடுத்து ஊறவைத்து, அலசி, வாசனைத் திரவம் ஊற்றி, காயவைத்து மடித்துக் கொடுத்தார். சிறுமி அதை மோந்து பார்த்தாள். கொண்டுபோய் அலமாரியின் மேல் போட்டாள். அன்றோடு அவரிடம் நேரே பேசுவது நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட, "அம்மா, அவரைத் தண்ணி ஜக்கை நகர்த்தச் சொல்லும்மா" என்பாள். அவரும் நகர்த்துவார். எதற்கு இந்தக் கோபம் என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறவில்லை.

கொஞ்சம் ஐஸ் வைத்துப் பார்ப்போம் என்று ஒருநாள் ஹாம்ஸ்டர் ஒன்றை வாங்கி வந்தார். கைக்குள் அடங்கும் எலி, வால் இருந்தும் இல்லாத கணக்கு. சிறுமி அதற்கு உருண்டை என்று பெயர் வைத்து, "தேங்க்ஸ்னு சொல்லிடும்மா" என்றாள். அந்தத் தேங்க்ஸ் சுற்றி வந்தாலும் அவருக்கு இனித்தது.

உருண்டை பகலெல்லாம் தூங்கியது. இருட்டியதும் கூண்டுக்குள் இருந்த சக்கரத்தில் ஏறி, ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் ஓடியது. கொடுத்த விதையை எல்லாம் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, பல்வலிக்காரர் போல வீங்கிய முகத்தோடு போய் ஒரு மூலையில் பதுக்கியது. இன்னொரு மூலையில் மூத்திரம் போனது. அதுவரை ரசித்துப் பார்த்தவருக்கு அந்த மூலையைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. சிறுமி பள்ளிக்கூடம் போனதும் கூண்டைக் கழற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் வைத்து, புதுக் காகிதத் துகள் பரப்பி வைத்துவிடுவார். தினமும் இதே கதை. பதுக்கிய விதைகளும் குப்பைக்குப் போகும்.

உருண்டை நாளுக்கு நாள் சுருண்டது. சக்கரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. சிறுமி கையை நீட்டியபோது விரலைக் கடித்தது. அவள் அழுதுகொண்டே, "அதுக்கு இந்த வீடு பிடிக்கலம்மா. வந்த இடத்துலயே விட்டுடலாம். பாவம், பிடிக்காத இடத்துல எத்தனை நாள்தான் இருக்கும்?" என்றாள்.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் காதில் அது விழுந்தது. அவள் எலியைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது அவருக்குக்கூடப் புரிந்தது. கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு, எலி வாங்கிய கடைக்கே ஓடினார்.

கடைக்கார அம்மாள் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள். "தினமும் கழுவுறீங்களா? அது மூக்கை நம்பிப் பிழைக்கிற ஜீவன். தன்னோட வாசனை இருந்தாதான் அதுக்கு அது வீடு. நீங்க தினமும் அதை ஊர் பேர் தெரியாத இடத்துல கொண்டுபோய் விடுறீங்க. நனைஞ்சதை மட்டும் எடுங்க. பழைய படுக்கையில ஒரு கைப்பிடி எப்பவும் விட்டுவைங்க. நீங்க போட்டுக் கழற்றின துணி ஒண்ணைக் கிழிச்சுப் போடுங்க, உங்களையும் பழகிக்கும்."

திரும்பி வரும் வழியில் போர்வை ஞாபகத்துக்கு வந்தது. நடுத்தெருவில் அப்படியே நின்றார். பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனது காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்து சிறுமியின் எதிரே தரையில் உட்கார்ந்தார். "உருண்டை கடிச்சது உன்னால இல்லம்மா. நான் கழுவிக் கழுவி அதை மிரட்டிட்டேன். உன் போர்வையையும் கேட்காம எடுத்திருக்கக் கூடாது. அதுல உங்க பழைய வீடு இருந்திருக்கு. எனக்குத் தெரியல. தப்புதான்."

அவள் அலமாரி மேலிருந்த போர்வையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். எழுந்து போகவில்லை.

அடுத்த சிக்கல், அவருடைய துணி எதிலும் மனித வாடையே இல்லை. எல்லாம் சோப்பு. வேறு வழியில்லாமல் ஒரே சட்டையைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். வாடிக்கையாளர்கள் கழுத்துப்பட்டையைப் பார்த்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தார்கள். "இந்தக் கோலத்தை முன்னாடியே பார்த்திருந்தா நான் கொஞ்சம் யோசிச்சிருப்பேன்" என்றாள் மனைவி. சிறுமி கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஒருவழியாகச் சட்டை நாறியது. பாக்கெட்டை வெட்டிக் கூண்டுக்குள் போட்டார். உருண்டை மோந்து பார்த்து, யோசித்து, பல்லால் கவ்வி இழுத்துக்கொண்டுபோய்ப் படுக்கையில் திணித்துக்கொண்டது. சில நாளில் சக்கரம் மறுபடி சுற்றத் தொடங்கியது. அப்புறம் ஒரு சாயங்காலம் சிறுமியின் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்து, சாவகாசமாக முகம் துடைத்தது. அவர் தள்ளி நின்றே பார்த்து மகிழ்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை துவைக்கிற துணிகளை எடுக்கக் கூடையோடு வந்தவர், பாக்கெட் இல்லாத அந்தச் சட்டையைத் தேடினார். காணோம். கடைசியில் சிறுமியின் படுக்கையில் கிடைத்தது. அலமாரி மேலிருந்து இறங்கி வந்திருந்த போர்வைக்குள், தலையணையோடு சுற்றி வைத்திருந்தாள். பழக்க தோஷம், கை தானாக நீண்டது.

"அதைத் துவைச்சுடாதீங்க."

வாசற்படியில் சிறுமி நின்றிருந்தாள். அவள் அம்மா பக்கத்தில் எங்கும் இல்லை.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஏன், கண்ணெல்லாம் இப்படிச் சிவந்திருக்கு?" என்றாள் மனைவி.

"சோப்புத் தூள் பட்டுடுச்சு."

"இன்னும் மிஷினே போடலையே" என்றாள் அவள்.