துறட்டிக் கம்பு

முருங்கைக்கீரை பறிக்கும் துறட்டியை மடியில் போட்டுக்கொண்டு, நுனியில் கட்டியிருந்த கொக்கியை என் கணவர் அவிழ்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டுக் கேட்டேன்.

“கொக்கிய இன்னாத்துக்குப் பிரிக்கிறீங்க? சாயந்தரம் கீரைக்கு நான் மரத்துல ஏறணுமா?”

“ஏறேன். ஊரே வந்து வேடிக்கை பாக்கட்டும்.”

“கிண்டலைப் பாரு.”

“கம்பு மட்டும் போதும் ஹபீபா. கொக்கி வூட்லயே இருக்கட்டும். வந்து கட்டித் தரேன்.”

அது நல்ல மூங்கில். இரண்டாள் உயரம் இருக்கும். சிலாம்பு ஏறாமல் இருக்க, கைப்பிடியில் என் பழைய பச்சைப் புடவையின் கரையைக் கிழித்துச் சுற்றியிருந்தேன்.

என் கணவர் அப்துல் சுபஹான் சதுரங்கப்பட்டினத்தில் கூட்டுறவுச் சங்கத்தின் அரிசிக் கிடங்கில் கணக்கராக இருந்தார். கால்வாய்க் கரையில் இருந்தது கிடங்கு. தலைமை அலுவலகம் செங்கல்பட்டில். நான் சொல்வது எழுபத்து நான்காம் வருஷம். பக்கத்தில் கல்பாக்கத்தில் பெரிய கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்ததால் வெளியூர்க் கூலியாட்கள் நிறைய வந்திருந்தார்கள். ரேஷன் அரிசியை வெளியே விற்றால் இரண்டு மடங்கு விலை கிடைத்தது.

“அரிசி அட்டி எப்பவும் வெதுவெதுன்னு இருக்கும்,” என்றார் கம்பைத் துடைத்தபடி. மூட்டைகளை வரிசையாக அடுக்கி வைப்பதைத்தான் அட்டி என்பார்கள். “நாலாம் அட்டியில மூட்டைச் சந்துல கை வச்சா ஜில்லுன்னு காத்து வருது.”

“ஜில்லுன்னு இருந்தா நல்லதுதானே.”

“உனக்கு நல்லது. கணக்குக்கு நல்லதில்ல.”

கிடங்கில் இருப்பு பார்ப்பவர்கள் நீளத்தில் எத்தனை மூட்டை, அகலத்தில் எத்தனை, உயரத்தில் எத்தனை என்று வெளியே நின்று எண்ணிப் பெருக்கிக்கொள்வார்கள். அட்டியைப் பிரித்து எண்ணினால் ஆள் கூலி ஆகும். அதனால் யாரும் பிரிப்பதில்லை. நடுவில் கூடு விட்டு அடுக்கியிருந்தால் பெருக்கல் கணக்குக்கு அது தெரியாது. இதை அவர் எப்போதோ ஒருமுறை சாப்பிடும்போது விளக்கியிருந்தார்.

கம்பை சைக்கிளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். பின்னால் அது வால் போல ஆடியது.

“ஓரமாப் போங்க. யார் கண்ணையாவது குத்திடப் போறீங்க.”

அதுதான் நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது.

சாயங்காலம் கயிற்றுக் கட்டிலில் வைத்து அவரைத் தூக்கி வந்தார்கள். முகம் கழுவக் கால்வாயில் இறங்கியவர் வழுக்கி விழுந்து மூழ்கிவிட்டார் என்று போலீசார் எழுதிக்கொண்டார்கள். கிடங்கு மேனேஜர் உலகநாதன்தான் ஓடியாடி எல்லாவற்றையும் கவனித்தார். என் கணவரின் சைக்கிளை ஆள் வைத்து அனுப்பினார். சாப்பாட்டுத் தூக்கு வந்தது. செருப்பு வந்தது. மூக்குக் கண்ணாடியைக்கூடக் காகிதத்தில் சுற்றி அனுப்பியிருந்தார்.

நான் இத்தாவில் உட்கார்ந்தேன். கணவனை இழந்தவள் நான்கு மாதத்துக்கு மேல் வெளியே போகாமல், அந்நிய ஆண் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய காலம் அது. அண்ணன் மைதீன் தன் சைக்கிள் கடையை விட்டு நேரம் கிடைக்கும்போதெல்லாம் வந்து உதவிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மகள் ஜஹனாரா முருங்கைக்கீரை கேட்டாள். ஜன்னலில் கொக்கி மட்டும் கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். எல்லாம் வீடு வந்து சேர்ந்தது, கம்பு வரவில்லை. இரண்டாள் உயரமுள்ள ஒரு பொருளை மறந்து விட்டுவிட முடியாது. அது எங்கே இருக்கிறது என்பது அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கே என்று தெரிந்ததும், அவர் எப்படிச் செத்தார் என்பதும் தெரிந்தது. கொக்கியை ஜன்னலிலேயே திரும்ப வைத்தேன்.

மறுநாளே உலகநாதன் வந்தார். முன்கட்டில் அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நடுவில் திரை. இந்தப் பக்கம் நான்.

“பாய் தங்கமான மனுசன்மா. கடைசி நாள்கூட நாலு அட்டியும் சரியாக்கீதுன்னு கையெழுத்து போட்டுட்டுத்தான் வெளிய போனாரு. அன்னிக்கே எறந்துட்டதால ஆபீசுல சந்தேகம் கேக்குறாங்க. இது அவரு கையெழுத்துதான்னு நீ ஒரு வரி எழுதிக் குடு. பிராவிடண்ட் பணம் வந்துடும்.”

இருப்புச் சான்றைத் திரைக்கு அடியில் தள்ளினார். கையெழுத்து அவருடையதுதான், அதில் பொய் இல்லை. மாத ஆரம்பத்திலேயே வெற்றுச் சான்றுகளில் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்து வைப்பது அங்கே வழக்கம். எண்களைப் பிறகு நிரப்பிக்கொள்வார்கள். எல்லாக் கிடங்கிலும் அப்படித்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஆம் என்று எழுதிக் கொடுத்தால், என்றைக்காவது அட்டியைப் பிரிக்கும் நாளில் திருடன் அவர்தான். சரி என்று சான்று கொடுத்தவர் அவர்தானே. செத்தவர் வந்து வாதாட முடியாது.

சான்றைத் திரைக்கு அடியில் திரும்பத் தள்ளினேன்.

“பொண்ணு கால்வா ஓரமாத்தானே பள்ளிக்கூடம் போவுது?” என்றார் உலகநாதன். குரலில் கோபமே இல்லை. “சின்னப் புள்ள. பாத்து அனுப்பும்மா. பாய் மாதிரி பெரிய ஆளே வழுக்கிட்டாரு.”

 எங்கிருந்து வந்ததென்று தெரியாமல் வந்தது பேச்சு.

“இத்தாவுல இருக்கறவ பேனா தொடக் கூடாதுங்க. முடிஞ்சதும் எழுதித் தரேன்.”

அப்படி ஒரு விதியே கிடையாது. அண்ணனுக்கு அது நன்றாகத் தெரியும். திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தபடி, “ஆமா சார், எங்கள்ல அப்படித்தான்,” என்றார்.

உலகநாதன் போன பிறகு அண்ணன் உள்ளே வந்தார்.

“இன்னா தங்கச்சி, மார்க்கத்துல புதுசா சட்டம் போட்டுட்ட?”

“பயத்துல வந்துடிச்சிண்ணே.”

“எழுதிக் குடுத்துத் தொலை. நானும் அந்தக் கால்வாயத் தாண்டித்தான் கடைக்குப் போயிகினு கீறேன்.”

அன்றிலிருந்து ஜஹனாராவைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. தெருவில் சைக்கிள் மணி கேட்டால் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொள்வேன். கதவுத் தாழ்ப்பாள் விழுந்திருக்கிறதா என்று எழுந்து எழுந்து பார்ப்பேன். கம்பைப் பற்றி அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவரையும் கட்டிலில் தூக்கி வருவார்கள் என்று பட்டது.

வருஷக் கணக்கு முடிக்கும் நேரம் வந்ததும் செங்கல்பட்டிலிருந்து பக்தவத்சலம் என்ற தணிக்கையாளர் வந்தார். உலகநாதனே அவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். “எழுதத்தானே கூடாது, வாயால சொல்லலாம்ல?” என்று அண்ணனிடம் சிரித்தபடி கேட்டது உள்ளே கேட்டது. என் பயத்தின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

“சொல்லுங்கம்மா,” என்றது புதுக் குரல். “இது உங்க வீட்டுக்காரர் கையெழுத்தா?”

ஜஹனாராவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கை என் வியர்வையில் வழுக்கியது.

“அவரோடதுதாங்க.”

நாற்காலி கிறீச்சிட்டது. “அவ்ளோதான் சார், போலாம்,” என்றார் உலகநாதன்.

“ஒண்ணு கேக்கணுங்க,” என்றேன். “அன்னிக்கு எங்க துறட்டிக் கம்பைக் கிடங்குக்கு எடுத்துக்கினு போனாரு. சைக்கிள் வந்துச்சி, தூக்கு வந்துச்சி, கம்பு மட்டும் வரல. கீரை பறிக்க முடியல. இருந்தா குடுத்தனுப்பச் சொல்லுங்க.”

உலகநாதன் சிரித்தார். “கம்புக்கு இன்னாம்மா, நாளைக்கே புதுசு ஒண்ணு அனுப்புறேன்.”

பக்தவத்சலம் சிரிக்கவில்லை.

“அரிசிக் கிடங்குக்கு எதுக்கும்மா கம்பு?”

இதற்குப் பதில் சொல்லிவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. மகளின் தலையை என் வயிற்றோடு அழுத்திக்கொண்டேன்.

“நாலாம் அட்டியில காத்து வருதுன்னு சொன்னாருங்க.”

பக்தவத்சலம் நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்தார்.

“கம்பு எவ்வளவு நீளம்?”

“ரெண்டாள் உயரம். பிடியில பச்சைத் துணி சுத்தியிருக்கும்.”

“சாவியைக் குடுங்க,” என்றார் பக்தவத்சலம். “மைதீன் பாய், நீங்க வாங்க, கம்பை அடையாளம் காட்டணும். உலகநாதன், நீங்க கிடங்குப் பக்கம் வர வேண்டாம். இங்கேயே இருங்க.”

அவர் மேனேஜரைக் கிடங்கிலிருந்து தள்ளி வைக்க நினைத்திருப்பார். அவரை எங்களோடு தனியே விட்டுப் போகிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. வாசல் கதவு சாத்திக்கொண்டது.

திரைக்கு அடியில் உலகநாதனின் பாதங்கள் தெரிந்தன. வெகுநேரம் அசையாமல் இருந்தன. பிறகு எழுந்தன. திரையை நோக்கி ஓர் அடி வைத்தன. விரல் நகத்தில் படிந்திருந்த செம்மண்கூட எனக்குத் தெரிந்தது. ஜஹனாரா மூச்சு விடாமலிருந்தாள். நான் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தது பாதியில் மறந்துபோய், அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“கொஞ்சம் தண்ணி குடும்மா,” என்றார்.

சொம்பைத் திரைக்கு அடியில் நகர்த்தினேன். அவர் கை வந்து எடுத்துக்கொண்டது. குடிக்கும் சத்தம் கேட்டது. காலிச் சொம்பை அதே இடத்தில் வைத்துவிட்டு, நாற்காலிக்குத் திரும்பினார். அப்படியே, அண்ணன் ஒரு கான்ஸ்டபிளோடு வரும்வரை உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அட்டியின் மேல் வரிசையை மூட்டை தூக்கும் எல்லப்பனும் ஆட்களும் இறக்கியதும், அடியில் பலகைகள் பரப்பியிருந்தனவாம். பலகையை எடுத்தால் உள்ளே எங்கள் சமையலறையை விடப் பெரிய வெற்றிடம். அதில் கம்பு சாய்ந்து கிடந்தது. அதை மூட்டைச் சந்தில் விட்ட என் கணவர், எங்கேயும் முட்டாமல் அது போய்க்கொண்டே இருந்ததில் பிடியை நழுவ விட்டிருக்கிறார். உள்ளே விழுந்த கம்பைப் பற்றி வேறு யாருக்கும் தெரியவில்லை.

“பச்சைத் துணி அப்படியே கீது,” என்றார் அண்ணன்.

அரிசி திருடியதற்கு உலகநாதனுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. சான்றில் எண்களை நிரப்பியது அவர் கைதான் என்று தீர்ப்பில் எழுதினார்கள். என் கணவர் மேல் குற்றமில்லை என்று ஒரு வரி இருந்தது. அதை அண்ணனை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். பணம் வந்தது. ஜஹனாரா படித்தாள். கம்பு சாட்சிப் பொருளாக அட்டை கட்டப்பட்டுக் கோர்ட்டுக்குப் போனது, திரும்பவில்லை.

அவர் மரணம் பற்றிய போலீஸ் காகிதத்தை யாரும் மாற்றவில்லை. கால் வழுக்கி விழுந்து மூழ்கியதாகத்தான் அதில் இன்னும் இருக்கிறது. இத்தா முடிந்து நான் முதலில் போனது அந்த இடத்துக்குத்தான். எல்லப்பன் இறங்கி நின்று காட்டினார். அங்கே தண்ணீர் இடுப்பளவு.