மேஜை காலியானால் வேலை முடிந்தது

1

இந்தக் கதை பிறந்தது என் தங்கையின் கார் ஷெட்டில். திருட்டில் பிறந்தது என்றும் சொல்லலாம். அந்தத் திருட்டு எனக்கே மூன்றாம் பகுதியை எழுதும்போதுதான் தெரியவந்தது, கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘செங்குத்தான மேட்டை நோக்கி அந்த நாலு சக்கர பைக் சிங்கம்போல் —’

சிங்கமாவது புலியாவது! அடித்துவிட்டேன்.

என் தங்கை பல் டாக்டர். வாரம் முழுக்கப் பல் பிடுங்குவாள், ஞாயிறு வந்தால் அந்த பைக்கில் காடுமேடெல்லாம் அலைவாள். போன வருஷம் குவாரி மேட்டுப் போட்டியில் பாதியிலேயே இன்ஜின் திணறி இறங்கிவிட்டாள். இந்த முறை இன்ஜின் சக்தியைக் கூட்டியே தீருவது என்று புருஷனும் பொண்டாட்டியும் மல்லுக்கட்டினார்கள்.

2

“பெரிய பிஸ்டன் போடலாம்டி. பறக்கும்!”

“பறக்கிறதுக்கு ஏரோப்ளேன் இருக்கு. நான் மேடு ஏறணும். காத்து நல்லா இழுக்கிற ஃபில்டர், லேசான சைலன்சர், அதுக்கேத்த ஜெட். போதும்.”

“நீங்களே சொல்லுங்க மச்சான்.”

“நான் கதை எழுத வந்தவன் மாப்ள. ஆளை விடுங்க.”

தங்கைதான் ஜெயித்தாள். (கதைக்காகச் சொல்லவில்லை, அந்த வீட்டில் எப்போதும் அப்படித்தான்.)

[ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் குட்டிப் பித்தளைத் துண்டு. உள்ளே போகும் காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். கூடாவிட்டால் இன்ஜின் கொதித்து இறுகிவிடும். மேட்டில் அப்படி நின்றால் பைக் பின்பக்கமாகப் புரண்டு ஓட்டுபவர் மேலேயே விழும்.]

3

பித்தளையின் நிறத்தைச் சரியாக எழுத வேண்டுமே என்று அந்தப் புது ஜெட்டை விளக்கடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேன் நிறம்... இல்லை, பழைய சாவியின் —

ஐயையோ. இது ஏன் என் மேஜையில் இருக்கிறது?

அன்று சும்மா பார்க்கலாமே என்று எடுத்தவன், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு: மாட்ட வேண்டியதெல்லாம் மேஜையில் இருக்கும், மேஜை காலியானால் வேலை முடிந்தது. அவள் மாட்டிவிட்டாள் என்று அவர் நினைத்திருப்பார், அவர் மாட்டிவிட்டார் என்று அவள். உள்ளே இருப்பதோ பழைய ஜெட், பெட்ரோல் பத்தாது. போட்டி இன்றைக்கு!

போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் போட்டேன்.

4

முடிவு அ: பாதி மேட்டில் இன்ஜின் —

முடிவு ஆ: ஆம்புலன்ஸ் வந்து —

சீ! எழுதுகிற கையை ஒடிக்க வேண்டும்.

5

போன் வந்தது.

“அண்ணா, ஜெட்டைத் தூக்கிட்டுப் போனது நீதானே? உன்னை விட்டா வேற யாரு!”

“நீ நல்லா இருக்கியா? அதை முதல்ல சொல்லு!”

“எனக்கென்ன? கீழ சமதரையில ஒரு ரவுண்டு ஓட்டிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பார்த்தேன். வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. பெட்ரோல் பத்தலைன்னு புரிஞ்சுபோச்சு. பழைய ஃபில்டர், பழைய சைலன்சரையே திரும்ப மாட்டிட்டேன்.”

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. வெட்கத்தை விட்டு அழுதேன்.

“சரி, மேடு ஏறினியா?”

“ஜெட்டைக் கொண்டுவந்து மேஜைல வை. அப்புறம் சொல்றேன்.”

6

செருப்பை மாட்டிக்கொண்டேன். நான் போய்ச் சேர்வதற்குள் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பழைய இன்ஜினோடு அவளை உச்சிக்கு ஏற்றுவீர்களோ, பாதியில் இறக்கிவிடுவீர்களோ, அது உங்கள் பாடு. ஆனால் கடைசி வரியில் அவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என்னை வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும். அதை மட்டும் அடித்துவிடாதீர்கள்.