பாட்டை முழுசாப் பாடுங்க

எனக்கும் என் மாமியாருக்கும் ஏழாம் பொருத்தம். அது சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்த விஷயம். ஆனாலும் அன்றைக்கு அவர் இருக்கும் முதியோர் இல்லத்தில் அவருக்காக நான் போட்ட சத்தத்தில் சமையல்கட்டிலிருந்துகூட ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள்.

மறதி நோய் முற்றியவர்களுக்கு அங்கே வாரத்தில் ஒருநாள் பாட்டும் பிரார்த்தனையும் நடக்கும். நடத்துவது ஒருங்கிணைப்பாளர் அம்மா. கழுத்தில் அட்டை, கையில் ஸ்பீக்கர், முகத்தில் ஒட்டவைத்த சிரிப்பு. அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"உங்க மாமியாரை இனிமே இதுல உட்கார வைக்க முடியாதுங்க. பாட்டு நடுவுல கத்துறாங்க, கைத்தடியால நாற்காலிய அடிக்கிறாங்க. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். அமைதியா இருக்க மாத்திரை தருவாரு."

எனக்கு வந்ததே கோபம்! என் மாமியார் கத்துவார், மறுக்கவில்லை. என்னைப் பார்த்துக் கத்துவார். பாட்டு நடுவில் கத்தமாட்டார். பிரார்த்தனைக் கூடத்தில் முன்னால் நின்று பாட்டை எடுத்துக்கொடுத்தே வாழ்ந்தவர் அவர். "நானும் கூட உட்கார்ந்து பாக்குறேன்" என்று உள்ளே போனேன்.

ஸ்பீக்கரில் பாட்டு தொடங்கியது. மாமியாரின் உதடு அசைந்தது. பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்தவர், ஒரு சொல் பிசகாமல் பாடினார். இரண்டாம் சரணம் வருவதற்குள் அந்த அம்மா பட்டனை அமுக்கி நிறுத்தினார். "சூப்பர்! எல்லாரும் கை தட்டுங்க!" அடுத்த பாட்டு. அதுவும் பாதியில் நின்றது.

"மிச்சம்... மிச்சம்..." என்று மாமியார் தடியால் நாற்காலியைத் தட்டத் தொடங்கினார்.

"பாத்தீங்களா? ஆரம்பிச்சுட்டாங்க."

"ஏம்மா, பாட்டை ஏன் பாதியில நிறுத்துறீங்க?"

"இவங்களுக்கு அவ்வளவு நேரம் கவனம் நிக்காதுங்க. பாதின்னு இவங்களுக்கு எங்க தெரியப்போகுது?"

"தெரியாமலா அடிக்கிறாங்க? சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது தட்டை இழுத்தா நீங்க கை தட்டுவீங்களா? அவங்க பிரார்த்தனைக் கூடத்துல கடைசி வரி பாடி முடிக்காம யாரும் கடவுள்கிட்ட வாயத் திறந்து ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீங்க அவங்கள கடைசி வரிக்கே விடல. மாசக்கணக்கா காத்துக்கிட்டு இருக்காங்கம்மா! அதுக்கு மாத்திரையா? உங்களுக்கே நல்லா இருக்கா?"

"சத்தம் போடாதீங்க. மாடியிலயும் ஆளுங்க இருக்காங்க, நேரமாச்சு." ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டார்.

தூக்கட்டும். நானே பாடினேன். எனக்குச் சாமியும் கிடையாது, சங்கீதமும் கிடையாது. அடுப்படியில் நின்று காது புளிக்கக் கேட்ட பாட்டு, அவ்வளவுதான். என் குரலுக்கு மாமியார் முகத்தைச் சுளித்தார், ஆனாலும் கூடவே பாடினார். எனக்கு வார்த்தை மறந்த இடத்தில் அவர் பிடித்துக்கொண்டு போனார். கடைசி வரி வந்தது. முடித்தோம்.

தடியைக் கீழே வைத்தார். கண்ணை மூடிக் கைகூப்பினார்.

"கடவுளே, எனக்கு மருமக ஒருத்தி இருக்கா. வாய் கொஞ்சம் நீளம். இப்ப எங்க இருக்காளோ, சாப்பிட்டாளோ என்னவோ. அவளைக் கைவிட்டுராதப்பா."

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். இதைத்தான் மாத்திரை கொடுத்து அடக்கப் பார்த்தார்கள், பாவிகள்.