வசந்தாவின் பானெட்டில் ஓர் எல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதைக்குக் காரணமான பசையைக் கொடுத்தவன் நான்தான்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, கோவளத்தில் எங்கள் பக்கத்து வீட்டு எல்லப்பன் சிரித்துக்கொண்டே வந்தார். அவர் மனைவி வசந்தா கார் ஓட்டப் பழகப் போகிறாளாம்.

"அண்ணாத்த, செருப்பு ஒட்டுற பசை கீதா?"

இருந்தது. கொடுத்தேன். பசை காய்ந்துபோன ஒரு ஸ்டிக்கரிலிருந்து, ஓட்டப் பழகுபவர் என்று காட்டும் எல் என்ற எழுத்தை மட்டும் வெட்டியெடுத்து, முழங்கை நீளத்துக்கு, நீலக் காரின் பானெட்டில் ஒட்டினார். தூரத்திலேயே தெரிந்து ஊர் ஒதுங்கிக்கொள்ள வேண்டுமாம்.

2

'உப்புக்காற்று அரிக்கும் கடலோரத்தில், ஒரு பெண்ணின் நெற்றியில் அறையப்பட்ட எழுத்தைப் போல...'

[இந்தத் தொடக்கத்தை வாட்ஸப்பில் வசந்தாவுக்கு அனுப்பினேன். "யாரு செத்துட்டாங்க?" என்று பதில் வந்தது. கைவிட்டேன்.]

நடந்ததையே சொல்கிறேன். இரண்டு முறை தேர்வில் தோற்று, மூன்றாவது முறை, போன மாதம் வசந்தா லைசென்ஸ் வாங்கினாள். மகள் ஜெயப்பிரியா நாவலூரில் நிறைமாதமாக இருந்தாள். வலி எடுத்தால் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன் என்று மகளிடம் சொல்லியிருந்தாள். மருமகன் விஷால்தான் குறுக்கே நின்றான்.

"எல் போட்ட வண்டில அனுப்ப மாட்டேன், அத்தை."

எழுத்தைப் பிய்த்துத் தரச் சொல்லிப் புருஷனைக் கேட்டாள் வசந்தா.

"இன்னாத்துக்கு? எல்லுன்னா எல்லப்பன். என் பேரு வண்டில இருந்துட்டுப் போவட்டுமே!"

[இங்கே எல்லப்பனை வில்லனாக்கப் பார்த்தேன். ஆனால் லைசென்ஸ் வந்த அன்று தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தவர் அவர்தான். நானே நான்கு தின்றேன். தின்றுவிட்டு எப்படி எழுதுவது?]

3

புதன்கிழமை காலை, ஈசிஆர் ரோட்டில் ஜெகதீசனின் வாட்டர் வாஷ் கடைக்கு வசந்தா காரைக் கொண்டுபோனாள். குற்ற உணர்ச்சியில் நானும் ஏறிக்கொண்டேன்.

ஜெகதீசன் சூடான காற்றைக் காட்டினார். ஸ்டிக்கர் உரிந்து வந்தது. பசை வரவில்லை. வெல்லப்பாகு இறுகியதுபோல் அப்படியே நின்றது. நான் உதவியாக ஒரு பிளேடை எடுத்தேன்.

"சார், கைய எடு! பெயின்ட்டும் சேந்து வந்துரும்!"

தேங்காய் எண்ணெயைத் தடவி அரைமணி நேரம் ஊறவைத்தார். பிறகு துணியை வாங்கி வசந்தாவே தேய்த்தாள். பசை அழுக்குத் திரியாக உருண்டு உருண்டு வந்தது. நகம் உடைந்தது. ஒரு மணி நேரம் அவள் நிமிரவில்லை. கடைசியில் விரலால் தடவிப் பார்த்தாள்; வழவழவென்று இருந்தது. ஷாம்பூ போட்டுக் கழுவித் துடைத்தார்கள்.

எல் அங்கேயே இருந்தது. சுற்றிலும் வெளிறிய நீலம். நடுவில் அடர்நீலத்தில் ஓர் எழுத்து.

"இன்னும் போவலையே!" என்று மறுபடியும் துணியை எடுத்தாள் வசந்தா.

"பசை போயிடுச்சுக்கா. இதான் வண்டியோட ஒரிஜினல் கலரு. மத்ததெல்லாம் வெயில்ல வெளுத்துகினு கீது. பாலிஷ் போட்டா கொஞ்சம் மறையும். நாளைக்கு சாயங்காலம் ஆவும்."

அப்போது போன் அடித்தது.

"அம்மா, வலிக்குதும்மா" என்றாள் ஜெயப்பிரியா.

4

முடிவு அ: எல்லப்பன் தன் டெம்போவில் பறந்து வந்து...

[இல்லை. அவர் அன்று செங்கல்பட்டில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார்.]

முடிவு ஆ: பானெட்டின் மேல் ஒரு துண்டை விரித்து மறைத்துக்கொண்டு...

[இது என் யோசனை. அங்கேயே சொல்லியும் பார்த்தேன்.]

"நவுரு அண்ணாத்த. ஏற்கெனவே நீ பண்ண உதவி போதும்."

கார் கிளம்பிப் போய்விட்டது. ஈரத் துணியோடு நான் நின்றேன்.* மீதி, வசந்தாவின் பேத்தியைப் பார்க்கப் போனபோது கேட்டுத் தெரிந்துகொண்டது. நாவலூர் அடுக்குமாடி வாசலில் விஷால் பையோடு நின்றான். பானெட்டைப் பார்த்தான். வசந்தா இன்ஜினை அணைக்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினாள். அவன் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்பதை மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். மூன்றையும் நான் நம்பவில்லை. எனவே உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன்:

விஷால் சொன்னது: "......................"

கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். ஜெயப்பிரியா ஏறிவிட்டாள். வசந்தா கியர் போட்டாயிற்று.

___
* வீட்டுக்குப் பஸ்ஸில் போனேன்.